இரண்டு பத்திரிகைகளில் பாதிப் பாதியாக வந்த என் கடிதம்

நான் எழுதி அச்சில் வந்த முதல் கடிதம் ஒரே வாரத்தில் இரண்டு பத்திரிகைகளில் வந்தது. ஒன்று சீர்திருத்தக்காரர்களின் பத்திரிகை. மற்றொன்று பழைய தர்மத்தைக் காப்பதற்கென்று நடந்த பத்திரிகை. இரண்டுக்கும் ஒரே கடிதத்தைத்தான், ஓர் எழுத்து மாறாமல் நகல் எடுத்து அனுப்பியிருந்தேன். முதல் பத்திரிகை மேல்பாதியைப் போட்டது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று அதில் எழுதியிருந்தேன். இரண்டாவது பத்திரிகை கீழ்ப்பாதியைப் போட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணச் சீர்களை, அதாவது சடங்குகளை, யாரும் ஒழிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தேன். இரண்டு பாதிகளையும் சேர்க்கிற ஒரு வாக்கியம் நடுவில் இருந்தது. அதை இருவருமே போடவில்லை.

இரண்டு பத்திரிகைகளையும் கொண்டுவந்தவர் என் மாமன் மகன். திருச்செங்கோட்டிலிருந்து சைக்கிளில் வந்தவர், வியர்வையைக்கூடத் துடைக்காமல் கட்டிலின் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"இங்க பாரு அம்மிணி. இக்கட்ட பாதி, அக்கட்ட பாதி. ரெண்டையும் ஒட்டுனாத்தான் நீயி."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன விஷயம் என்று கேட்டாள். அவர் விளக்கிச் சொன்னார். அம்மா திருச்செங்கோட்டு மலை இருக்கிற திசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நம்ம மலைச்சாமியாட்டப் போட்டுட்டாங்களாக்கும். அவரு அந்தப் பக்கம் ஆம்பள, இந்தப் பக்கம் பொம்பள. நடுவால வெட்டிப்போட்டா மட்டும் ரெண்டு சாமி ஆயிருமா?"

நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாமி இல்லை என்று எழுதியவளுக்கு அம்மா சாமியை வைத்தே சமாதானம் சொல்லிவிட்டாள். பிறகு அவர் கேட்டார்: "நடுவால என்ன எழுதியிருந்தே?"

மனப்பாடமாகச் சொன்னேன். "நான் எதையும் எளிதில் நம்பாதவள், ஆகையால், பழையதை இடித்துவிட்டால் நாளையே எல்லாம் நன்றாகிவிடும் என்கிற பேச்சையும் எளிதில் நம்ப மாட்டேன்."

அவர் பென்சிலை எடுத்து, இரண்டு பத்திரிகைகளுக்கும் இடையே கட்டில் சட்டத்தின் மேலேயே ஒரு கோடு இழுத்தார். பிடித்த வரிக்கு ஓரத்தில் கோடு போடுவது அவர் வழக்கம். ஒப்பாத வரிக்குக் கேள்விக்குறி போடுவது என் வழக்கம். சந்தைக்கு வரும்போதெல்லாம் பழைய பத்திரிகைகளை அவர் கொண்டுவருவார். அடுத்த சந்தைக்குள் என் கேள்விக்குறிகளோடு திருப்பிக் கொடுப்பேன். அவர் சேலத்தில் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நிலத்தைப் பார்க்கத் திரும்பியவர். நான் சேலத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஜில்லா போர்டு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் அப்பா வழியில், ஆணிலும் பெண்ணிலும், எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலை நிமிர்கிறது என்பது எனக்கும் தெரியும். நிமிரட்டும்.

எனக்கும் அவருக்கும் கல்யாணம் என்று சிறு வயதிலேயே இரண்டு வீட்டிலும் பேச்சு. பேச்சுக்காக அல்லாமல், எனக்கே அவர்தான் வேண்டும் என்று தெரிந்த நாள் ஒன்று உண்டு. திருச்செங்கோட்டில் ஒரு சீர்திருத்தக் கூட்டம். பேச வந்தவர் கீழ்ச்சீமைக்காரர், எங்கள் பக்கத்துப் பேச்சுப் பழகாதவர். நல்ல குரல். பெண்கள் பக்கத்தைப் பார்த்து, "தாய்மார்களே, உங்களில் யாராவது சாமியைக் கண்ணால் பார்த்ததுண்டா?" என்று கேட்டார்.

முன்வரிசையில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "ஏனுங்க, சாமி இதா என்ற மடியிலதானுங்க தூங்குது. சத்தமாப் பேசாதீங்க, முழிச்சுக்கும்."

எங்கள் பக்கத்தில் பிள்ளையும் சாமி, பெரியவரும் சாமி, வழியில் எதிர்ப்படுகிறவரும் சாமி. கூட்டம் முழுதும் சிரித்தது. பேச்சாளருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. ஏதோ மறுப்பு என்று நினைத்து இன்னும் உரக்கப் பேசினார்; குழந்தை விழித்து அழுதது. நான் பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கத்தைப் பார்த்தேன். அத்தனை பேருக்கு நடுவில் அவர் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேடையில் இருந்தவர்கள் அவருடைய கட்சிக்காரர்கள். அவரே கொட்டகை போட்டவர்களில் ஒருவர். இருந்தும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு வேண்டியிருக்கிறது.

என் அவநம்பிக்கை எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பெரிய துக்கம் எதுவும் காரணமில்லை. ஒரு வறட்சி வருஷத்தில் எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் தங்கள் தங்கள் மாரியம்மனுக்குத் தனித்தனியாகக் கிடாய் நேர்ந்துகொண்டன. மழை இரண்டு ஊருக்கும் எல்லையில் இருந்த, ஒன்றும் விளையாத கல்லாங்குத்தில் மட்டும் பெய்தது. எந்த அம்மன் பெய்வித்தாள் என்று இரண்டு ஊரும் ஒரு மாதம் சண்டை போட்டன. நான் அப்போது ஆறாம் வகுப்பு. கல்லில் பெய்த மழைக்கு யாரும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றியது. பிறகு அந்த எண்ணம் போகவே இல்லை.

ஆனால் பழையதின் மேல் எனக்குள்ள பிடிப்பும் அதே காலத்தில்தான் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷம், தம்பி சின்னக் குழந்தையாக இருந்தபோது, அப்பா போய்விட்டார். பெண்ணை நிறுத்திவிடு என்று எல்லாரும் அம்மாவுக்குச் சொன்னார்கள். அவள் யாரோடும் சண்டை போடவில்லை. "இந்த ஒரு வருசம் போகட்டுங்க" என்றாள். அடுத்த வருஷமும் அதையே சொன்னாள். அப்படி ஒவ்வொரு வருஷமாகச் சொல்லிச் சொல்லியே நான் எட்டாவது முடித்தேன், சேலம் போனேன், வாத்தியாரம்மா ஆனேன். பெண் கல்விக்காக மேடையில் முழங்கியவர்கள் எவரும் அந்த வருஷங்களில் எங்கள் வாசலுக்கு வரவில்லை. பக்கத்து ஊரில் போர்டு திறந்த ஒரு வகுப்பும், அம்மாவின் அந்த ஒரு வாக்கியமும்தான் என்னைப் படிக்கவைத்தன. ஒரு வருஷத்தில் சொர்க்கம் என்று எந்தக் கட்சிக்காரர் சொன்னாலும், கதர் போட்டவரானாலும் கறுப்புச் சட்டைக்காரரானாலும், நான் கேள்விக்குறி போடுவது அதனால்தான்.

எங்கள் கல்யாணச் சீர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களில் பழைய முறைக் கல்யாணத்துக்குப் புரோகிதர் கிடையாது. ஊரில் அருமைக்காரர் என்று ஒருவர் இருப்பார். எங்களைப் போலவே ஏர் பிடிக்கிற குடியானவர். பிள்ளை குட்டி பெற்று, அதற்கென்று உள்ள சீரைச் செய்துகொண்டவர். அவர்தான் தாலி எடுத்துக் கொடுப்பார். ஊர் நாவிதர் தமிழிலேயே வாழ்த்துப் பாடுவார். பணம் சேர்ந்த சில வீடுகள்தான் அந்தஸ்துக்காகப் புரோகிதரை வரவழைக்க ஆரம்பித்திருந்தன. சீர்திருத்தக்காரர்களோ எங்கள் ஊருக்கு வந்து, இல்லாத புரோகிதரை விரட்டினார்கள். இதையும் கடிதத்தில் எழுதியிருந்தேன். பழைய தர்மப் பத்திரிகை "புரோகிதர் இல்லாத" என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைப் போட்டிருந்தது.

அந்தச் சீர்களில் குறை இல்லையா? இருந்தது, அதுவும் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கணவனை இழந்தவள் சீர் நடக்கும் இடத்தில் முன்னால் நிற்கக் கூடாது. அப்பா போனபிறகு எத்தனையோ கல்யாணங்களில் அம்மா சமையலுக்கு அரிசி களைந்துகொண்டே வாழ்த்தைக் காதால் மட்டும் கேட்டிருக்கிறாள்.

நிச்சயம் முடிந்து, சித்திரையில் கல்யாணம் என்று பேசியாயிற்று. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் அவர் அழைப்பிதழின் அச்சுப்படியோடு வந்தார். அம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கிப் படித்தேன். "மூடப் பழக்கங்களை ஒழித்து, பகுத்தறிவு முறையில்" என்று தொடங்கியது. திருச்செங்கோட்டில் மேடை, ஒரு தலைவர், மூன்று பேச்சாளர்கள்.

"இந்த முதல் வரியை எடுத்துருங்க மச்சான்" என்றேன்.

"அந்த வரிதான் கண்ணாலமே. மிச்சமெல்லாம் தேதியும் எடமுந்தான்."

"ஒழிக்கறதுலயா ஒரு கண்ணாலம் ஆரம்பிக்கும்? அந்தச் சீரு செஞ்சுட்ட அப்பனாத்தாளுக்குத்தான் நான் பொறந்தேன். நீங்களுந்தான்."

"பேசு, பேசு. உன்னாட்டப் பேசறதுக்கு எங்க மேடையில ஒரு ஆளில்ல. நீ மட்டும் எங்க பக்கம் வந்துட்டா..."

"எம்பட பக்கம் யாருங்க வருவா?"

அவர் சிரித்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, எனக்கு இன்றும் முழுப் பதில் கிடைக்காத ஒன்றைக் கேட்டார்.

"சரி. உங்க அருமைக்காரர் வந்து தாலி எடுத்துக் குடுக்கட்டும். அப்ப அத்தை எங்க நிக்கும்? அடுப்புக்கிட்டத்தானே? எங்க மேடையில அத்தை கையிலதான் தாலியைக் குடுக்கப்போறேன். அத்தைதான் எனக்கு எடுத்துத் தரோணும். இதுக்கென்ன சொல்றே?"

அம்மாதான் கடலையை உரித்தபடியே பேசினாள்.

"என்ற கையில குடுக்கோணும்னு நெனச்சியே சாமி, அதே எனக்குப் போதும். ஆனா அந்த மேடையில என்னை ஏத்தி உட்டு, ஒருத்தர் மைக்குல, 'இதா பாருங்க, இவ தாலி அறுத்தவ'ன்னு சொல்லுவாருல்ல? நான் அடுப்புக்கிட்ட நின்னாலும் அப்படி ஒருத்தரும் கையைக் காட்டிச் சொல்லமாட்டாங்க."

"அப்படிச் சொல்லமாட்டாங்க அத்தை."

"சொல்லாட்டி அவங்களுக்கு அந்த மேடை எதுக்கு?"

அவர் முகம் வாடிவிட்டது. அம்மாவுக்கு உடனே மனசு கேட்கவில்லை. உரித்த கடலையில் ஒரு கை அள்ளி அவர் கையில் வைத்தாள். நான் அந்த இடைவெளியில் சொன்னேன்: "எனக்கு அடுத்த தை வரைக்கும் நாள் குடுங்க. நான் அருமைக்காரப் பெரியப்பாகிட்டப் பேசறேன். சீரும் நடக்கட்டும், அம்மாவும் முன்னால நிக்கட்டும்."

"அவரு மாறுவாருன்னு நம்பறியா?" என்றார். "எதையும் நம்பாதவ!"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் தைத்தது.

அருமைக்காரர் எங்களுக்குப் பங்காளி முறை. நான் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். மறுநாள் பள்ளி விட்டதும் போனேன். கிணற்று மேட்டில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"நீ சாமியே இல்லேன்னு பேப்பர்ல எழுதுனவதானே? சீரு எப்படி நடக்கோணும்னு நீ வந்து சொல்றதாக்கும்?"

"பெரியப்பா, நீங்க அதுல பாதிதானுங்க படிச்சிருக்கீங்க."

"நான் எங்க படிச்சேன்? படிச்சுக் காட்டுனாங்க."

"படிச்சுக் காட்டுனவங்களும் பாதிதானுங்க காட்டியிருக்காங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "இத்தனை காலத்துல ஒருத்தருமே வந்து கேக்குலியே இதை" என்றார். பிறகு, "நாலு பேரைக் கேக்கோணும். பொண்டுக என்ன சொல்றாங்களோ. ஒரு வருசம் போகட்டும்" என்றார்.

அம்மா என் படிப்புக்காகச் சொன்ன அதே வாக்கியம்! எனக்கு அது பாதி சம்மதம் என்றே பட்டது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். ஆனால் என் மாமன் மகனுக்கு அது வேறு விதமாகக் கேட்டது. "ஒரு வருசம் போகட்டும்னா வேண்டாம்னு அர்த்தம்" என்றார். "மேடைக்குத் தலைவர் ஒத்துட்டாரு. தள்ளிப்போட்டா, பொண்ணுக்குப் பயந்துட்டான்னு நாளைக்கு எல்லாரும் சிரிப்பாங்க. என்ற கட்சியில நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு நிக்கறது?"

"ஒரு வருசந்தானுங்க."

"உனக்கு ஒரு வருசம். அடுப்புக்கிட்ட நிக்கறவங்களுக்கு எத்தனை வருசம் புள்ள?"

அதுவும் நியாயம்தான். அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்தும் நான் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அந்த முதல் வரியோடு என் கல்யாணம் அச்சாகி ஊரெல்லாம் போயிருக்கும். நான் ஒழிக்க விரும்பாததை ஒழித்தவளாக என் வாழ்நாள் முழுதும் இருந்திருப்பேன். படித்தவளின் திமிர் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவரும் இறங்கவில்லை. சித்திரை வந்து போயிற்று. நிச்சயச் சேலையை அம்மா மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்பினாள். அவர் என் கடிதத்தின் இரண்டு பாதிகளையும் வெட்டி ஒரே தாளில் ஒட்டி வைத்திருந்தார். அதைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. என்னிடம் வேறு பிரதி கிடையாது.

பிறகு அவர் கோயமுத்தூரில் ஒரு மில் ஆபீசில் வேலைக்குப் போனார். மறு வருஷம் அங்கேயே மேடையில் கல்யாணம். செய்தியைப் பத்திரிகையில் படித்தேன். மணப்பெண்ணின் தாயார் கணவனை இழந்தவராம். அவர்தான் தாலி எடுத்துக் கொடுத்தாராம். நல்ல காரியம் செய்தார். இதை மனசு கசந்து எழுதவில்லை. அந்தச் செய்தியின் ஓரத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, கேள்விக்குறிக்குப் பதில் அவரைப் போல ஒரு கோடு போட்டேன்.

அதன்பின் இந்த ஊர்களில் என்னைப் போன்றவள் எங்கே உட்கார்வது என்பது பெரிய பிரச்சினையாகவே இருந்து வருகிறது. கோயில் கமிட்டியார் சரஸ்வதி பூஜைக்குப் பேசக் கூப்பிட்டார்கள். கடவுள் வாழ்த்தை நான்தான் பாடவேண்டும் என்றார்கள். பாட்டு நல்ல தமிழ், பாடம் நடத்துவேன், ஆனால் கும்பிட்டுக்கொண்டு பாட மாட்டேன் என்றேன். அடுத்த வருஷம் கூப்பிடவில்லை. சீர்திருத்தச் சங்கத்தார் ஒரு தடவை வந்து, அருமைக்காரர்களைத் தாக்கி ஒரு பிரசங்கம் செய்யவேண்டும் என்றார்கள். எங்கள் அருமைக்காரர் தட்சிணை மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர் அல்ல என்றேன். அவர்களும் வருவதில்லை. ஒரு பக்கத்தார் என்னை நாஸ்திகை என்கிறார்கள். மறுபக்கத்தார் பிற்போக்கு என்கிறார்கள். இரண்டும் சரிதான். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லிச் சிரித்தால் எப்படியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். அப்படிச் சிரிக்கத் தெரிந்தவர் கோயமுத்தூரில் இருந்தார்.

யுத்த காலத்தில் என் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. அரிசி ரேஷன், அதனால் சொந்தக்காரர்களில் பாதிப் பேரைத்தான் அழைத்தோம். பழைய சீர்தான். அதே அருமைக்காரப் பெரியப்பா. எங்கள் முறையில் மாப்பிள்ளையின் சகோதரிக்கு ஒரு சீர் உண்டு. அவள் கூறைச்சேலை வைத்த கூடையோடு தம்பியின் பக்கத்தில் நிற்கவேண்டும். நான் நின்றேன். எந்தச் சாமியையும் நினைக்கவில்லை. எனக்கு முன்னால் இப்படி நின்ற, படிக்காத, பெயர் தெரியாத அக்கா தங்கைகளை நினைத்துக்கொண்டேன்.

தாலி கட்டியானதும் பெரியவர்கள் வரிசையாக வந்து அரிசி தூவி வாழ்த்தத் தொடங்கினார்கள். அருமைக்காரர் திடீரென்று வரிசையை நிறுத்தினார். சமையல் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்.

"அம்மிணி! இக்கட்ட வா. உன்ற மகனுக்கு நீ வந்து அரிசி போடு."

அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள். "நான் எதுக்குங்க..." என்றாள். கூட்டத்தில் முணுமுணுப்புக் கேட்டது. "கூப்புட்டது நானு. வான்னு சொல்றேன்" என்றார் அவர். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரும் ஒலிபெருக்கியில் எதையும் அறிவிக்கவில்லை. நாவிதர் மட்டும் வாழ்த்தை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார். அம்மா தூவிய அரிசியில் பாதி தம்பியின் மடியிலும் பாதி தரையிலும் விழுந்தது.

பந்தி முடிந்தபிறகு பெரியப்பாவிடம் போனேன். ஒரு வருஷம் என்று சொன்னது பல வருஷம் ஆகிவிட்டதே என்றேன், சிரித்துக்கொண்டுதான்.

"நீ கேட்டதுக்காகன்னு நெனச்சுக்காதே" என்றார். "அவனுக மேடையில நிக்க வெக்கறானுக. நாம நிக்க வெக்காட்டி நம்ம சனமெல்லாம் அங்க போயிரும். அப்பறம் சீரு எங்க இருக்கும்?"

மெதுவாக, உள்ளிருந்தே மாறும் என்று நான் சொன்னது நடந்தது. ஆனால் அதை நகர்த்தியது என் மாமன் மகனின் அவசரம். அவருடைய மேடை இல்லாவிட்டால் என் அம்மா இன்னும் அடுப்படியிலேயே நின்றிருப்பாள். என்னைப் போன்றவர்கள் பிடித்து வைத்திருக்காவிட்டால், அவள் வந்து நிற்பதற்குச் சீர் என்று ஒன்றே இருந்திருக்காது. இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளிடம் இதைச் சொல்ல முடியவில்லை.

அன்று வீட்டில் அம்மா கேட்டாள்: "அந்தப் பையன் இருந்து இதைப் பாத்திருக்கோணுமல்ல சாமி?" பிறகு, "உன்ற கண்ணாலத்துல போட்டிருக்கோணும் அந்த அரிசியை" என்றாள். நானும் அவளும் மீதியிருந்த தட்டுகளைக் கழுவினோம்.

கார்டு ஒன்று வாங்கி அவருக்கு எழுதலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். அவர் இப்போது இன்னொருத்தியின் கணவர். அவள் அந்தக் கார்டை எப்படிப் படிப்பாள் என்று எனக்குத் தெரியாது. பாதிப் படிப்பு என்ன செய்யும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஆகவே கார்டு எழுதவில்லை. இதை எழுதினேன்.

இதை எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எதுவானாலும் முழுதாகப் போடவேண்டும் என்று உறையின் மேலே எழுதியிருக்கிறேன். அவர் இன்னும் எல்லாப் பத்திரிகையும் வாங்குகிறவராகத்தான் இருப்பார்; கையில் பென்சிலும் இருக்கும். இதற்குள் எங்கோ ஒரு வரிக்கு ஓரத்தில் கோடு விழலாம். எந்த வரிக்கு என்பது எனக்குத் தெரியப்போவதில்லை.